ரத்தத்தில் இருந்த சாட்சி

"மாமாவுக்கு பிரஷர் மாத்திரையை என் கையாலதான் குடுக்கிறேன் டாக்டர். பிரஷர் இறங்காததால, நான் குடுக்கிறதே இல்லைன்னு நாத்தனார் சொல்றாங்க. மாசக் கடைசியில அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்!"

பரிசோதனைக் கூடத்தில் நின்ற மருமகளுக்கு அழுகை முட்டியது. ரத்தத்தில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வது அந்த டாக்டரின் வேலை. பதறாத மனிதர். அவருக்கும் சேர்த்துப் பதற உதவியாளர் ஒருவர் இருந்தார்.

முன்கூட்டிச் சொல்லாமல், வெவ்வேறு நாட்களில் மாமனாரின் ரத்தத்தை எடுத்து அளந்தார்கள். ஒவ்வொரு முறையும் மருந்து வேண்டிய அளவு இருந்தது.

"அப்போ இவங்க மேல தப்பில்லை! கேஸ் முடிஞ்சுது சார்!" என்று துள்ளினார் உதவியாளர்.

"எங்கே முடிஞ்சுது? மருந்து உள்ளே இருக்கு, பிரஷர் இறங்கலையே. டோஸைக் கூட்டுறதுக்கு முன்னாடி வீட்டை ஒரு தடவை பார்த்துடுவோம்."

மாமனார் தையல்காரர். இடுப்பில் கையை ஊன்றியபடி மெஷினை விட்டு எழுந்தார். அப்பாவைப் பார்க்க வந்திருந்த நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். மேசையில் ஊசி, கொக்கி, பட்டன் எல்லாம் ஒல்லியான பிளாஸ்டிக் குழாய்களில் வகை வகையாக இருந்தன. ஒன்று புதிது. அதன் அடியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

"இதுல முன்னாடி என்ன இருந்துச்சுங்க?" என்றார் டாக்டர்.

"முதுகுவலிக்குத் தண்ணியில போட்டா நுரைச்சுக் கரையுமே, அந்த மாத்திரை. நாள் முழுக்கக் குனிஞ்சே வேலை, வலிக்கும்போதெல்லாம் ஒரு கிளாஸ். சோடா மாதிரிதான் இருக்கும். அதெல்லாம் மருந்தா என்ன?"

"அங்கேதான் கோளாறு. நுரைக்கிறதுக்குச் சேர்க்கிற பொருள்ல சோடியம் நிறைய. உப்புல இருக்கிற அதே சோடியம். பிரஷர் மாத்திரை இறக்க இறக்க இது ஏத்துது. ஒருத்தர் தொட்டியிலிருந்து தண்ணி இறைக்க, இன்னொருத்தர் ஊத்திக்கிட்டே இருந்தா எப்படிக் குறையும்? முதுகுக்கு வேற வழி பார்ப்போம். இதை யார் வாங்கித் தர்றாங்க?"

தையல்காரர் மகளைப் பார்த்தார். நாத்தனாருக்கு முகம் வெளுத்தது.

"நான்தான்... வலி தாங்கலைன்னு சொன்னாரேன்னு... அய்யோ, எங்கப்பாவுக்கு நானே எமனாயிருப்பேனே!"

"பாசத்துல வாங்கினீங்க அண்ணி," என்றாள் மருமகள். "அவர் குடிக்கிறதை நானும்தான் தினம் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா இங்கேயே இருக்கட்டும்மா. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே!"