கப்பலில் வந்த பீரோ

கதவைத் திறந்ததும் ஜெகநாதனின் மூக்கில் வார்னிஷ் வாடை ஏறியது. தகரக் கூரையில் மழை இரைய, டெய்ரி ஃபார்ம் குவார்ட்டர்ஸில் மண்ணெண்ணெயும் ஈர மரச்சுவரும் மட்டுமே மணக்கவேண்டிய அந்த மாலையில், புது பீரோவின் வாடை. பீரோவை நேற்றே கழற்றி, பலகைகளை வராந்தாவில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்.

மனைவி ருக்கு கேட்டது ஜங்லிகாட் பஜாரில் சிராஜ் கடையில் நின்ற ரெடிமேட் பீரோவை. இவர்தான் தீவுச் சாமான் வேண்டாம், மெயின்லேண்ட் சாமான்தான் வேண்டுமென்று, பலகை பலகையாகப் பெட்டியில் வரும் பீரோவை மெட்ராஸிலிருந்து கப்பலில் வரவழைத்து, தானே போல்ட் முடுக்கி நிறுத்தினார். ஆடியது. ஆடுவது தெரிந்தும் ஆபீஸுக்குப் போய்விட்டார். புடவை எடுக்க அவள் கதவை இழுத்ததும் மொத்தமாக அவள்மேல் சாய்ந்தது.

"பீரோ மேல ஏறியிருக்கா. சொன்னா கேக்கமாட்டா," என்று போலீஸிடம் சொன்னார். பிணத்துக்கு அருகில் உட்கார்ந்து அவளுடைய அண்ணனிடமும் அதையே சொன்னார்.

வராந்தாவில் காலடி. மரத்தை எடுத்துப்போக இவர் வரச்சொன்ன சிராஜ்.

"சார், தார்ப்பாய்க்கு அடியில ஒண்ணுமில்லயே?"

"நல்லா பாருங்க பாய்."

"காலி சார்." சிராஜ் தயங்கினார். "அக்கா ஏறினாங்கன்னு சொன்னீங்க. என் வீட்டுக்காரி மஸூதா நம்பவே மாட்டேங்குறா. ஸ்டூல்ல ஏறக்கூட அக்காவுக்குப் பயமாம்."

சொல்லிவிடலாம். இப்போதே.

"நாளைக்கு வாங்க," என்று கதவைச் சாத்தினார்.

படுக்கையறையில் மரம் முனகியது.

உள்ளே பீரோ நின்றது. போல்ட்டுகளை எல்லாம் மத்தியானம்தான் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து கடலில் எறிந்திருந்தார். துளைகள் காலியாக இருந்தன. பலகைகள் சேரும் இடுக்குகளில், உள்ளிருந்து வெளியே வளைந்து, விரல்கள். இறுக்கிப் பிடித்ததில் வெளுத்துப்போன விரல்கள். மருதாணி இன்னும் போகாத நகங்கள்.

"ருக்கு... நான்தான். நான்தான் சரியா முடுக்கல," என்று முணுமுணுத்தார்.

"என்கிட்ட எதுக்குங்க?" பலகைக்குப் பின்னால் அவள் குரல் மூச்சு வாங்கியது. "பாய் காதுல விழற மாதிரி சொல்லுங்க. கை வலிக்குது."

கதவுப் பக்கம் ஓரடி வைத்தார். பிறகு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வெளியே சிராஜின் கைவண்டி மேட்டிலிருந்து இறங்கியது. தேய்ந்தது. மழை மட்டும்.

மேல்மூலையில் ஒரு விரல் விட்டது; பீரோ அவர் பக்கம் சாய்ந்தது.

அடுத்தது.