கறுப்புக் கரை போட்ட சக்கரம்

சுவரைப் பார்த்து நிறுத்திவைத்த ஜட்கா, காலையில் வாசலைப் பார்த்து நின்றது.

பாண்டுரங்கன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அட்டையில் செய்த வண்டிதானே, முழ நீளம்கூடக் கிடையாது, ஓர் எலி உரசிக்கொண்டு போனாலே திரும்பிவிடும் என்று நினைத்து, அதை அலமாரியில் மறுபடியும் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான். உத்திரமேரூர் கடைத்தெருவில் இருந்த அச்சுக்கூடத்தில் அவன் எழுத்துக் கோக்கிறவன். காவாந்தண்டலத்திலிருந்து தினமும் சைக்கிளில் போவான். பொழுதுக்கும் ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படித்துவிட்டு வீடு திரும்பினால், மற்றவர்கள் சீட்டாடவும் வம்பளக்கவும் போகிற நேரத்தில் இவன் கத்தரிக்கோலும் விளாம்பிசினுமாக உட்கார்ந்துவிடுவான். முன்பு ஜமீன் சாரட்டு செய்தான், தபால் வண்டி செய்தான். எல்லாம் பழைய குதிரை வண்டிகள்தான். ஆனால் இந்த ஜட்காவுக்குப்போல அவன் கை வேறு எதற்கும் வளைந்து கொடுத்ததில்லை.

இது ஊரில் ஜட்கா ஓட்டிய கிழவர் இருசப்பனுடைய வண்டியேதான். கூண்டின் வளைவு, குதிரையைப் பூட்டுகிற ஏர்க்காலில் இருந்த வெட்டு, உள்ளே விரித்திருக்கும் வைக்கோல் மெத்தை, பின்பக்கம் பெண்கள் ஏறுவதற்கு அவர் தாழ்த்திப் போட்ட படி, எதுவும் தப்பவில்லை.

இருசப்பனை மறக்கிற நிலையில் இந்த வீடு இல்லை. அவன் மனைவி தேவகியின் முதல் குழந்தை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்காமல், இந்த வீட்டிலேயே அழாமல் பிறந்து அழாமலே போனது. அன்றைக்கு இருசப்பனின் ஜட்கா வெளியூர் சவாரி போயிருந்தது. மறுநாள் விஷயம் தெரிந்து ஓடிவந்த கிழவர், குற்றம் தன்னுடையது என்பதுபோல வாசலில் நின்று அழுதார்.

"அடுத்த பிரசவத்துக்கு நான்தான் வண்டி கட்டுவேன் தாயி. யாரும் சொல்லி அனுப்ப வேணாம். நேரம் வந்தா நானே வந்து நிப்பேன். இது வாக்கு."

போன வருஷத்து வெள்ளத்தில் செய்யாற்றுத் தரைப்பாலத்தில் வண்டியை இறக்கியவர் கரையேறவில்லை. குதிரை ஒரு பக்கமும் கிழவர் ஒரு பக்கமுமாக ஒதுங்கிக் கிடந்தார்கள். வண்டி மட்டும் கிடைக்கவே இல்லை.

அவருடைய கருமாதிப் பத்திரிகையைக் கோத்தவன் பாண்டுரங்கன். நல்ல தடித்த அட்டை, ஓரத்தில் விரல்கனத்துக்குக் கறுப்புக் கரை. அடித்ததில் ஒரு கட்டு மிஞ்சியது. சாவுச் சேதி வந்த கடுதாசியை வாசலில் நின்றே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே நுழைவார்கள். வீட்டுக்குள் அதை எடுத்துப்போகிற வழக்கம் எங்கேயும் கிடையாது. பாண்டுரங்கன் கட்டாகவே எடுத்துவந்தான். அந்த மாதிரி அட்டை வேறு எங்கே கிடைக்கும்? எழுத்து உள்பக்கம் போகும்படி ஒட்டினான். கறுப்புக் கரையைப் பட்டை பட்டையாக வெட்டிச் சக்கரத்தைச் சுற்றி ஒட்டினால், இரும்புப் பட்டா போட்டதுபோல அசலாக அமைந்தது.

"இன்னா அட்டைங்க இது? இவ்ளோ வெள்ளையா கீது?" என்று தேவகி கேட்டாள். அவளுக்கு அப்போது நிறைமாதம்.

"கல்யாணப் பத்திரிகை. பிரஸ்ல மிஞ்சினது."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

திருப்பிவைத்த மறுநாளும் வண்டி வாசலைப் பார்த்து நின்றது. இந்த முறை சக்கரத்தில் மணல் ஒட்டியிருந்தது, ஈரமான ஆற்றுமணல். பாண்டுரங்கன் அதை வேட்டி நுனியால் துடைத்தான். துடைப்பதைத் தேவகி பார்த்துவிடக் கூடாதே என்று முதுகைத் திருப்பிக்கொண்டான்.

அன்றிரவிலிருந்து அடைமழை பிடித்துக்கொண்டது. ஓட்டுக்கூரை நான்கைந்து இடத்தில் ஒழுகியது. சொட்டுகிற இடத்திலெல்லாம் தேவகி பாத்திரம் வைத்தாள். பாத்திரத்தில் விழும் சொட்டுச் சத்தத்துக்கு நடுவே பாண்டுரங்கனுக்கு இன்னொரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தூரத்தில், மண்பாதையில் லாடம் படுகிற சத்தம். காதைத் தீட்டினால் நின்றுவிடும், பாயில் சாய்ந்தால் மறுபடி தொடங்கும். அவித்த கொள்ளின் வாடை, வண்டிமை வாடை, நனைந்த குதிரையின் வாடை என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்து சேர்ந்தன.

"கனவுல இருசப்ப நைனா வந்தாருங்க," என்றாள் தேவகி காலையில், சிரித்துக்கொண்டே. "தலையில கோணி போட்டுக்கினு வாசல்லயே நிக்கிறாரு. 'நேரம் வந்துச்சா தாயி'ங்கிறாரு. இன்னும் இல்ல நைனான்னேன். சரி, இருக்கேன்னாரு."

பாண்டுரங்கனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலைக்கும் போகவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் குதிரை செய்திருக்கவில்லை. உயிருள்ளதைச் செய்தால் அவன் கைக்கு அது பொம்மையாகிவிடும் என்று விட்டுவிட்டான். குதிரை இல்லாத ஏர்க்கால் முன்பக்கம் சாயாமலிருக்க ஒரு தீப்பெட்டியை முட்டுக்கொடுத்திருந்தான்.

தீப்பெட்டி இப்போது கீழே கிடந்தது.

ஏர்க்கால் சாயவில்லை. அந்தரத்தில், நேராக நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேசாக ஏறி இறங்கியது. நின்றபடி மூச்சு வாங்குகிற ஒன்றின் மேல் பூட்டியதுபோல.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. வாக்குக் கொடுத்த மனுஷன் இத்தனை நாள் வராமல் இருந்தது வண்டி இல்லாமல்தான். ஆற்றில் போன வண்டியை, அவருடைய சாவுக் கடுதாசியிலேயே செய்து, கொண்டுவந்து வீட்டுக்குள் நிறுத்தியவன் யார்?

கொளுத்திவிட வேண்டியதுதான். தீப்பெட்டியை எடுத்தான். குச்சிகள் நமுத்துப்போயிருந்தன. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எதுவும் பற்றவில்லை.

"ஐயோ, என்னங்க!"

சமையற்கட்டிலிருந்து தேவகி கத்தினாள். வலி கண்டுவிட்டது.

விளக்கு வைக்கிற நேரம். பக்கத்து வீட்டு ஜெயம்மாளை ஓடிப்போய் அழைத்துவந்து தேவகியிடம் உட்காரவைத்தான்.

"மேட்டுத்தெருவுல மருத்துவச்சி பாஞ்சாலிய இட்டாறேன். எந்த வண்டி வந்தாலும் ஏறாத தேவகி. நான் வர்ற வரைக்கும் ஏறாத."

"இந்த மழையில எவன்பா வண்டி கட்டிக்கினு வரப்போறான்? நீ ஓடு," என்றாள் ஜெயம்மாள்.

ஓடினான். மழை முகத்தில் அறைந்தது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். இந்தக் குழந்தையாவது அழவேண்டும், ஒருதரம் வாய்விட்டு அழுதால் போதும் என்று வேண்டிக்கொண்டே ஓடினான். பாஞ்சாலியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பும்போது, ஏதோ ஒன்று எதிர்ப்பக்கமாக அவர்களைக் கடந்து போனது. லாடச் சத்தம். சக்கரச் சத்தம் இல்லை. அதற்குப் பதிலாகச் சரசரப்பு மட்டும்.

"இன்னா அது?" என்றாள் பாஞ்சாலி.

அவன் அவளை இன்னும் வேகமாக இழுத்தான்.

வீட்டு வாசலில் ஜெயம்மாள் நின்றாள். அவள் முகம் தெளிவாக இருந்தது.

"வண்டி வந்துச்சுப்பா. அவ வலி தாங்கல. உசுரு போய்க்கினு இருந்துச்சு. 'உன் வூட்டுக்காரரு வரட்டும்'னு நானும்தான் அவகிட்ட சொன்னேன். வண்டிக்காரன் தலையில கோணி போட்டுக்கினு கீறான், மூஞ்சியே தெரியல. 'வாக்கு குடுத்துகிறேன்'னான். அவளே எழுந்து நடந்து போயி ஏறிட்டா." கொஞ்சம் நிறுத்தினாள். "நல்ல வண்டிப்பா. அவ்ளோ சேத்துலயும் சக்கரம் வெள்ளையா, சுத்தி கறுப்புக் கரையோட கீது."

பாண்டுரங்கன் உள்ளே பாய்ந்தான்.

அலமாரியில் ஜட்கா இருந்தது. நின்ற இடத்திலேயே சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மெதுவாக. அட்டை அட்டையில் உரசுகிற சத்தத்தோடு.

நசுக்கிவிடுவது என்றுதான் எடுத்தான். இரண்டு கையாலும் எடுத்தான். கனத்தது. அட்டையின் கனம் இல்லை அது. கூண்டுக்குள்ளே கண்ணாடி வளையல் குலுங்கியது.

"நைனா, இன்னும் எவ்ளோ தூரம்?"

தேவகியின் குரல். சின்னதாக. வெகு தூரத்திலிருந்து.

"ஆத்தண்ட வந்துட்டோம் தாயி. பயப்படாத."

விரல்கள் நின்றுவிட்டன. நசுக்கக் கூடாது. கொளுத்தக் கூடாது. கீழேயும் போடக் கூடாது. அப்படியே பிடித்துக்கொண்டால் போதும். கரையேறும்வரை பிடித்துக்கொண்டால் போதும்.

மணிக்கட்டில் ஏதோ வழிந்தது. குனிந்து பார்த்தான். கறுப்பு. சக்கரத்தின் கரை கரைந்து கையில் ஓடிக்கொண்டிருந்தது.

மழையில் ஓடிவந்த கை. ஒரு விரல்கூடக் காய்ந்திருக்கவில்லை.

"உலர்ந்த துணி! எதுனா உலர்ந்த துணி குடுங்க!"

ஜெயம்மாள் கொடியைப் பார்த்தாள். கொடிக்கு மேலே ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது. பாஞ்சாலியின் முந்தானையிலிருந்து நீர் சொட்டியது. அவன் கூண்டுக்கு மேல் கவிழ்ந்து மறைத்தான். அவன் தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு கூண்டின்மேல் விழுந்தது. அட்டை உப்பியது. இன்னொரு சொட்டு. கூண்டு உள்வாங்கியது. ஒரு சக்கரம் கூழாகி அவன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

"இன்னா நைனா, காலண்ட தண்ணி வருது?"

குதிரை கனைத்தது. பிறகு தண்ணீரின் இரைச்சல்.

அந்த இரைச்சலுக்கு நடுவே, அவன் ஈரக் கைகளுக்குள்ளே, ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.