குழல் வாயில் செண்டுமல்லி

"மடக்குங்க! மொதல்ல அதை மடக்குங்க!"

குரல் வந்த வேகத்தில் தனப்பிரியா திடுக்கிட்டுத் திரும்பினாள். துப்பாக்கி கிளப்பின் ஆயுத அறைக் காவலர் பெரியசாமி திறந்து மடக்கிக் கொடுத்த இரட்டைக் குழல் துப்பாக்கியை அவளேதான் மூடி, குழல் வாயைச் செருப்பு நுனியில் ஊன்றி நின்றிருந்தாள். அப்பா அப்படித்தான் நிற்பார்...

எதிரே வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம். கோபத்திலும் அழகாக இருந்த கண்கள். அதைக் கவனித்துத் தொலைத்ததற்காகவே அவன்மேல் அவளுக்கு எரிச்சல் வந்தது.

"தோட்டா போடலீங்க. காலித் துப்பாக்கிதான்."

"காலித் துப்பாக்கின்னு ஒண்ணு கெடையாதுங்க. தொறந்து பாக்கற வரைக்கும் எல்லாத்துலயும் தோட்டா இருக்குது. பாதம் போயிருச்சுன்னா செருப்ப மட்டும் ஊட்டுக்குக் கொண்டு போவீங்களா?"

"என்னய அதட்டறதுக்கு நீங்க யாருங்க?"

"தமிழரசுங்க. உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லியிருக்காங்க... ரெண்டு பேருக்கும் நேரஞ் சரியில்ல போலருக்குது."

தூரத்தில் கொல்லிமலை மேகம் போர்த்திக் கிடந்தது. புரட்டாசி மழை வருவேன் வருவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தது. அவள் துப்பாக்கியை மடக்கினாள்.

அவள் அங்கே வந்தது விளையாட்டுக்கு அல்ல. சேந்தமங்கலத்துத் தோட்டத்தில் மரவள்ளியைக் கிண்ட வரும் பன்றிகளை, வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டுவார் அப்பா. பங்குனியில் அவர் போய்விட்டார். அவருடைய துப்பாக்கி காவல் நிலையத்தில் கிடக்கிறது. அதை மீட்க அவள் பெயரில் உரிமம் வேண்டும். உரிமத்துக்குப் பயிற்சிச் சான்று வேண்டும். "ஆம்பளப் பையன் இல்லாத ஊட்டுக்குத் துப்பாக்கி எதுக்கு அம்மணி, ஒப்படைச்சிரலாம்" என்றார் சித்தப்பா சுப்பையன். அப்பாவின் கை பட்ட துப்பாக்கியை யாரோ உடைத்து உருக்குவதா? 

தமிழரசு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமையானால், குறி பழக வானில் வீசிவிடும் மண்தட்டுகளைச் சுட இந்தக் கிளப்புக்கு வந்துவிடுவான்.

"முயலு, கௌதாரி எல்லாம் சுடச் சொல்லித் தருவீங்களா?" என்றாள் வேண்டுமென்றே.

"ஜெயிலுக்குப் போக ஆசைன்னா வேற வாத்தியாரப் பாருங்க. இங்க பறக்கறது மண்தட்டு மட்டுந்தான். சுட்டாலும் வலிக்காது."

முதல் பாடத்தில் சுடவே விடவில்லை. துப்பாக்கியை எப்போது எடுத்தாலும் மடக்கி, குழல் வழியாக வானத்தைப் பார்க்க வேண்டும்.

"வானம் தெரியோணும். தெரியலைன்னா தோட்டாவத் தொடாதீங்க. உள்ள ஒரு குளவிக்கூடு இருந்தாப் போதும்... குழல் வெடிச்சு, சுடறவன் மூஞ்சியே போயிரும்." அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரலில் கேலி இல்லை.

சுட ஆரம்பித்த பிறகு தட்டுகள் எல்லாம் முழுசாகப் பறந்து முழுசாகவே விழுந்தன. தோளில் உதை வாங்கியதுதான் மிச்சம். அவன் யோசித்தான். துப்பாக்கியை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, அவள் முன்னால் வந்து நின்றான்.

"ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சுக்குங்க. விரல நீட்டி என்ற கண்ணுக்கு நேராப் புடிங்க."

நீட்டினாள். விரலுக்கு அப்பால் அவன் கண்... அசையாமல் அவளையே பார்க்கும் கண். மழையின் முதல் துளி அவள் இமையில் விழுந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"இன்னும் எத்தன நேரமுங்க?"

அவன் விழித்துக்கொண்டான். "ம்... உங்க விரல் உங்க எடது கண்ணுக்கு நேரா நிக்குது. குறி பாக்கறதுல உங்களுக்கு எடதுதான் எசமான். துப்பாக்கிக் கட்டைய எடது தோளுக்கு மாத்தோணும்."

"அப்ப வலது கண்ணு வேலைக்காரனுங்களா?"

"இல்லீங்க. கூடவே வார தொணை. அதை மூடவே கூடாது."

இடது தோளில் வைத்துச் சுட்ட அன்றே முதல் தட்டு சுக்குநூறானது. அவள் சிறுமியைப் போலச் சிரித்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காதலை மறைப்பதில் ஆண்பிள்ளைகளுக்குச் சாமர்த்தியம் போதாது. முதுகு காட்டினால் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு சித்தப்பாவும் உடன் வந்திருந்தார்.

"சான்றிதழச் சீக்கிரம் குடுத்துருங்க தம்பி. பூசை அன்னிக்குப் பொண்ணு பாக்க வாராங்க."

ஏதாவது சொல்... ஒரு வார்த்தை சொல்... என்று அவள் கண்கள் கெஞ்சின.

"நல்லதுங்க," என்றான் தமிழரசு. அவளிடம் தனியாக இன்னும் மோசமாகப் பேசினான். "நாங்க போர் போடற ரிக் வண்டி ஓட்டுன சனங்க. தோட்டத்துக்காரவுங்களுக்குச் சரி வர மாட்டோம். கத்துக்கிட்டீங்கல்ல... இனி நான் வேண்டாமுங்க."

"நான் சரி வராதுன்னு சொன்னனுங்களா?" என்று கேட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை.

பூஜையன்று காலையில் அவள் கிளப்புக்குப் போனபோது அவன் வரவில்லை. கிளப்பின் நீள மேசையில் துப்பாக்கிகள் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாகக் கிடந்தன. அவனுடையதைத் தேடி எடுத்தாள். அப்பாவின் துப்பாக்கிக்கு வருஷா வருஷம் செய்வதை இதற்கும் செய்தாள். குழல் வாயில் சந்தன உருண்டையை அழுத்தி, அதில் ஒரு செண்டுமல்லியைக் காம்போடு செருகினாள். ஆளைத் தொட முடியாத ஏக்கம், உருண்டையைக் கொஞ்சம் ஆழமாகவே அழுத்திவிட்டது.

வைக்க மட்டும்தான் அவளுக்குத் தெரியும். மறுநாள் விடியலில் அப்பா கம்பி விட்டு அதைத் துடைத்தெடுப்பதை அவள் பார்த்ததே இல்லை.

விஜயதசமி. சான்றிதழ் வாங்கச் சித்தப்பாவோடு வந்தாள். மழை விட்டு மண் வாசம் எழும்பியிருந்தது. தமிழரசு அவள் பக்கம் திரும்பவேயில்லை. தூங்காத முகம். துப்பாக்கியை மடக்கினான், தோட்டா போட்டான், மூடினான். வானத்தைப் பார்க்கவில்லை.

அவள் காலடியில் பெரியசாமி கூட்டிக் குவித்த பூக்குப்பை. அதன் மேலே அவளுடைய செண்டுமல்லி... தலை மட்டும். காம்பு இல்லை. சந்தனமும் இல்லை.

அப்படியானால் அவை எங்கே?

தட்டை வீசச் சொல்லி அவன் ஆங்கிலத்தில் "புல்" என்று குரல் கொடுத்தான். தட்டு சீறிப் பறந்தது.

"மாமா! சுடாதீங்க! மாமா...!"

கிளப்பே திரும்பிப் பார்த்தது. இத்தனை நாளும் "ஏனுங்க, சார்" என்றவள் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லில் அவன் விரல் விசையை விட்டு விலகியது. தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது.

அவன் மெதுவாக மடக்கினான். தோட்டாக்களை எடுத்தான். குழலை வானத்துக்கு நேரே பிடித்தான். ஒரு குழலில் வானம் இல்லை. கம்பி விட்டுத் தள்ளியதும் காய்ந்து இறுகிய சந்தனம், காம்பு குத்தியபடி அவன் உள்ளங்கையில் விழுந்தது. 

"நாந்தான் வெச்சேன்... நாந்தான்..." அவளுக்கு அழுகை பீறிட்டது. "உங்களக் கொன்னுருப்பனுங்களே!"

"வெச்சது தப்பில்லீங்க. பாக்காம எடுத்தது என்ற தப்பு. ஊருக்கெல்லாம் சொல்ற மொதப் பாடத்த நானே மறந்துட்டேன்."

"ஏன் மறந்தீங்க?"

"நேத்து உங்களப் பொண்ணு பாக்க வந்துருப்பாங்களேன்னு... ராத்திரியெல்லாம் அதே நெனப்புங்க."

"வந்தாங்க. வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். சித்தப்பாவக் கேளுங்க, இன்னும் என்ற கூடப் பேசல."

அவன் அவளை நேராகப் பார்த்தான். இரண்டு கண்ணாலும். "எனக்கு நீங்க வேணுங்க. தகுதி இருக்குதான்னு தெரியல. ஆனா நீங்க இல்லாம முடியாதுங்க."

சுப்பையன் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார். சந்தன உருண்டையைப் பார்த்தார். அழுது வீங்கிய அண்ணன் மகளைப் பார்த்தார்.  பிறகு தொண்டையைச் செருமினார்.

"இத்தன பேரு முன்னால முறை வெச்சுக் கூப்புட்டுட்டா. இனி நான் பேசி என்ன ஆகப்போவுது... உங்கப்பாரு ஊட்ல இருப்பாருங்களா தம்பி?"

"இ... இருப்பாருங்க."

"சாயங்காலம் வாரோம்னு சொல்லுங்க."

அவர் காரை நோக்கி நடந்ததும், தனப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கியை எடுத்தாள். மடக்கியபடியே வானத்துக்கு நேரே தூக்கி இரண்டு குழலையும் பார்த்தாள். பிறகு அவனிடம் நீட்டினாள்.

"நான் பாத்துட்டேன். இருந்தாலும் நீங்களும் ஒருக்காப் பாத்துட்டுச் சுடுங்க, மாமா... எனக்கு நீங்க வேணும்."