வைஜயந்தியின் காகிதம்

புதன்கிழமை காலை 9.10. காணாமல் போனது ஒரே ஒரு காகிதம். அதைத் திருட்டு என்று பதிந்துகொள்ள ஸ்டேஷன் ரைட்டருக்கு மனசே வரவில்லை.

எஸ்.ஐ. கிருஷ்ணம்மா அதட்டி எழுத வைத்தாள். புகார் கொடுக்க வந்த மஞ்சு, நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவள். போனில் அந்தக் காகிதத்தின் படத்தைக் காட்டினாள். திருப்பதி மாட வீதி வைஜயந்தி கைப்பட எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டது. மறுபடி மனசு பிசகினால் தனக்கு எந்தச் சிகிச்சை கூடாது, தனக்காக யார் பேச வேண்டும் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்க மனநலச் சட்டம் இடம் கொடுக்கிறது. பேச வேண்டியவள் மஞ்சு என்று அதில் இருந்தது.

மூன்றாம் பத்தியைக் கிருஷ்ணம்மா இரண்டு தரம் படித்தாள்.

"என் மகள் யாமினி இறந்த பிறகு ஆஸ்பத்திரியில் எனக்குத் தலையில் கரண்ட் வைத்தார்கள். அதில் அவள் இறந்ததே எனக்கு மறந்துபோயிற்று. திரும்பச் சொன்னார்கள். அந்தச் செய்தியை இரண்டு முறை கேட்டுவிட்டேன். மூன்றாம் முறை கேட்க என்னால் ஆகாது. எனக்குக் கரண்ட் வைக்காதீர்கள்."

"நீ அவங்களுக்கு என்ன ஆவணும்?"

"ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்டு மேடம். நானும் அப்போ நோயாளிதான். அதான் நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேன்றாங்க."

"இப்ப எங்க கீறாங்க?"

"சித்தூர்ல. வெள்ளிக்கெழம சேத்தாங்க. நேத்து காட்டனேன், போட்டோ செல்லாது, அசலு வேணும்ன்றாங்க. அவங்களே கிழிச்சிப் போட்டுட்டாங்கன்னு அண்ணிக்காரம்மா எழுதிக் குடுத்துக்கீறாங்க. ரெண்டு தரம் வெச்சாச்சி. இன்னிக்கி பன்னெண்டு மணிக்கி மூணாவது."

"இந்தக் காகிதத்தப் பதிவு பண்ணலியா?"

"அடுத்த வாரம் பண்ணலாம்னு இருந்தோம்."

அடுத்த வாரம் என்று ஒத்திப்போட்டுக் கெட்டவர்களைப் பார்த்துப் பார்த்துக் கிருஷ்ணம்மாவுக்கு அலுத்துவிட்டது. மஞ்சுவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டாள்.

9.50. மாட வீதி. கதவைத் திறந்தவள் வைஜயந்தியின் அண்ணி குமுதவல்லி. எந்தக் கேள்விக்கும் தயங்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர்?"

"திருமலையில கைங்கர்யம். வெள்ளிக்கிழமை போனவர் இன்னும் இறங்கலை."

"காகிதம் எங்க இருந்தது?"

"கோயிலாழ்வார்ல. பெருமாள் திருவடியில வெச்சிருந்தா. அவர் கிளம்பறதுக்கு முன்னாடி கேட்டு வாங்கினா, என் கண்ணெதிர்லயே கிழிச்சுப் போட்டா."

"கோயிலாழ்வாரைத் திறங்க."

கூடத்து மூலையில், பூட்டிய மரக்கதவோடு இருந்த அந்தச் சிறிய பூஜை மண்டபத்தைக் குமுதவல்லி திரும்பிப் பார்த்தாள். "சாவி அவர் இடுப்புல. அன்னிலேர்ந்து திறக்கவே இல்லை. உள்ள சாளக்கிராமம். அவரைத் தவிர இந்த ஆத்துல யாரும் தொடப்படாது. நான் வெளியிலேர்ந்தே பாலைக் காட்டிட்டுச் சாப்பிடறேன்."

கிருஷ்ணம்மா கை கழுவ வேண்டும் என்று முற்றத்துக்குப் போனாள். அங்கே அண்டா, செம்பு, ஒரு பித்தளைத் தட்டு. வெயில் படும் விளிம்பில் உள்ளங்கை அளவில் ஐந்து வெள்ளிக் கிண்ணங்கள் கவிழ்த்திருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஈரம் இன்னும் வட்டமாக இருந்தது. கை கழுவிக்கொண்டு திரும்பினாள்.

"உங்க வீட்டுக்காரரை வெளிய வரச் சொல்லுங்கம்மா."

"அவர்தான் மலையில…"

"முதல் போஸ்டிங்ல ஒரு சாளக்கிராமத் திருட்டு. ஆறு மாசம் உங்க மாதிரி வீடுகள்லயே அலைஞ்சேன். அந்த அஞ்சு வட்டிலும் பெருமாள் ஆராதனைக்கு மட்டும்தான். பூஜை முடிஞ்சாத்தான் கழுவிக் கவிழ்ப்பீங்க. தண்ணி இன்னும் காயல. தொடக்கூடிய ஒரே ஆள் மலையில இருந்தா, இன்னிக்குக் காலையில பூஜை பண்ணது யாரு?"

உள்ளறைக் கதவு திறந்தது. நெற்றியில் திருமண் ஈரம் காயாமல் வைஜயந்தியின் அண்ணன் தோதாத்ரி வந்து நின்றார்.

"டாக்டர் கிட்ட பொய் சொல்ல முடிஞ்சுது. பெருமாளைப் பட்டினி போட முடியல, இல்லியா?" என்றாள் கிருஷ்ணம்மா. "நீங்க அகப்படாதவரைக்கும் இந்தப் பூட்டைத் திறக்க ஆளில்ல. அதுக்குள்ள கரண்ட் வெச்சு முடிஞ்சுடும், அதான் கணக்கு. காகிதம் உள்ளதான் இருக்கு. பெருமாள் காலடியில வெச்சதைக் கிழிக்க உங்களுக்குக் கை வராது."

அவர் மறுக்கவில்லை. பூட்டைத் திறந்து, பீடத்தின் கீழிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து மஞ்சுவின் கையில் படாமல் தரையில் வைத்தார்.

"பதினாலு மாசமா அழறா. பாதி நாள் சாப்பிடறதில்லை. போன தடவை வெச்சப்புறம் குழந்தை போனதை மறந்து மூணு வாரம் சிரிச்சுண்டு இருந்தா. அந்த மூணு வாரம் போதும்னு நினைச்சேன். என்னால பாக்க முடியல, மேடம்."

10.20. கிருஷ்ணம்மா சித்தூருக்குப் போன் போட்டாள். வார்டு நர்ஸ் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னாள். "அயிப்போயிந்தி மேடம்." முடிந்துவிட்டது. நடுவில் ஒரு நோயாளி வரவில்லையாம், அதனால் ஒன்பதரைக்கே வைத்துவிட்டார்களாம். ரைட்டரிடம் கிருஷ்ணம்மா மல்லுக்கு நின்ற நேரம் அது.

12.35. மஞ்சுவோடு தோதாத்ரியையும் ஜீப்பில் அழைத்து வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அசலைப் படித்தார். இனி வைக்க மாட்டோம் என்றார். முன்பே கையில் கிடைக்காத காகிதத்துக்குச் சட்டப்படி தான் பொறுப்பில்லை என்றும் சொன்னார். அது உண்மைதான். தோதாத்ரி மேல் வழக்கு எழுதலாம், நிற்குமோ நிற்காதோ. அதனால் வைஜயந்திக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கட்டிலில் வைஜயந்தி தலை வாரி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அழுத சுவடே இல்லை. சிரித்தாள்.

"மஞ்சு, நீ எப்ப வந்தே? மணி என்ன ஆறது? யாமினிக்கு இன்னிக்கு அரை நாள்தான் ஸ்கூல். யார் போய் அழைச்சுண்டு வரா?"

தோதாத்ரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்தனையோ வீட்டு வாசலில் நின்று சாவுச் செய்தி சொல்லியிருக்கிற கிருஷ்ணம்மா மஞ்சுவைப் பார்த்தாள். இப்போது சட்டப்படி வைஜயந்திக்காகப் பேச வேண்டியவள் மஞ்சுதான்.

"நான் போய் இட்டுக்கினு வரேன்க்கா" என்றாள் மஞ்சு.

"சீக்கிரம் போ. வாசல்லயே நின்னுண்டிருப்பா."

மஞ்சு வெளியே போனாள். வராந்தா தாண்டி, படியிறங்கி, கேட்டருகே போய் நின்றுவிட்டது ஜன்னல் வழியே தெரிந்தது. வைஜயந்தி கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து கிருஷ்ணம்மாவுக்கு இடம் விட்டாள்.

"நீங்க ஏன் நிக்கறேள்? உக்காருங்கோ. குழந்தை இப்ப வந்துடுவா."