உறைபனி கலையாத கார்

காலை 6.50. லூயிஷாமின் மேட்டுத் தெருவொன்றில், குகதாசனின் வீட்டு வாசல் முழுக்க உறைபனி வெள்ளை. நடுவில் மட்டும் கார் அளவில் ஒரு கறுப்பு நிலம். கார் இல்லை.

அவரது மனைவி பாலாம்பிகை முதலில் பொலிசுக்குப் போன் எடுத்தார். பிறகுதான் கத்தினார். லண்டன் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது.

அந்த நேரம் பார்த்து குகதாசன் தெருவிலிருந்து மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"பாவம், என்ர மனிசன் இந்தக் குளிருக்குள்ள தேடிப்போட்டு வாறார்," என்றார் பாலாம்பிகை.

குகதாசன் மறுக்கவில்லை. கம்பளிக் கையுறைகளைக் கழற்றி ஹீற்றரின் மேல் வைத்தார். தண்ணீர் சொட்டியது.

அரை மணித்தியாலத்தில் திரும்பப் போன் எடுப்பதாகவும், சந்தேகம் இருந்தால் பெயரைச் சொல்லலாம் என்றும் பொலிஸ் சொல்லியிருந்தது. பெயர் தானாகவே நடந்து வந்தது. மேலறையில் வாடகைக்கு இருக்கும் மன்னார்ப் பெடியன் ஜெரோசன், இரவு ஷிப்ட் முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டான்:

"ஏன் அங்கிள் காரைப் பள்ளிக்கூடத்துக்கு அங்கால விட்டிருக்கிறியள்?"

பாலாம்பிகை அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"பஸ்ஸால இறங்கி அதாலதானே அன்ரி வாறனான்."

"போன கிழமை கார் கேட்டவன் நீதானே?"

"கேட்டனான். அங்கிள் ஏலாது எண்டவர். விட்டிட்டன்."

"வெளியாள் எண்டால் கண்ணாடியை உடைச்சுத்தான் எடுத்திருப்பான், வாசல்ல ஒரு துண்டுமில்லை. ரெண்டாவது சாவி குசினியில தொங்குறது வீட்டாக்களுக்குத்தான் தெரியும். பொலிஸ் போன் எடுக்கட்டும், உன்ர பேரைச் சொல்லுறன்."

ஜெரோசனின் முகம் வெளிறியது. "அன்ரி, என்ர விசா ஹோம் ஒபிசில கிடக்குது. பொலிசில பேர் ஏறினால் என்ர கதை முடிஞ்சுது." பிறகு குகதாசனைப் பார்த்தான். "அங்கிள், நீங்களாவது சொல்லுங்கோ."

குகதாசன் ஹீற்றரின் சூட்டைக் கூட்டினார்.

மாடிப்படியில் தேநீர்க் கோப்பையோடு கலாவதி நின்றார். பாலாம்பிகையின் தங்கை; வார இறுதிக்கு, கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற ஊரிலிருந்து வந்தவர். வேலை, இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றில். விபத்து என்று எழுதி வருபவற்றில் எது விபத்து, எது கற்பனை என்று பிரிப்பார். கற்பனையைத்தான் அதிகம் ரசிப்பார்.

"அக்கா, பேர் குடுக்க முதல் காரை ஒருக்காப் பாப்பம். அத்தான், நீங்களும் வாங்கோ."

நால்வரும் இறங்கினார்கள். தெரு, வீட்டிலிருந்து பள்ளிக்கூடப் படலை வரை சரிவு. அதன் பிறகு சமதரை. அந்தச் சமதரையிலும் கொஞ்சம் தள்ளித்தான் கார் நின்றது. கதவுகள் பூட்டியிருந்தன, சாரதி பக்கக் கண்ணாடி மட்டும் முழுதாக இறங்கிக் கிடந்தது. முன்கண்ணாடியில் தடித்த பனி, ஒரு கீறல்கூட இல்லை. சாரதிக் கதவின் சட்டத்துப் பனியில் மட்டும் ஓர் உள்ளங்கை அடையாளம். பின்னல் கோடுகள் கூடத் தெரிந்தன.

கலாவதி பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார். மண்வெட்டி, ஒரு பை மணல், கயிறு, ரோச் லைற், இரண்டு கம்பளி, சுடுதண்ணிப் போத்தல். வட துருவத்தை அடைய எல்லாம் இருந்தது. கார் போவதோ கடைக்கும் கோயிலுக்கும்.

இதெல்லாம் குகதாசனின் பெருமை. கார்த்திகை மாதம் முழுக்க கோயில் வாசலில் நின்று, மாரிக் குளிருக்குக் காரை ஆயத்தப்படுத்துவது எப்படி என்று வகுப்பெடுத்தவர் அவர். ரயரின் பள்ளக்கோடுகளில் இருபது பென்ஸ் நாணயத்தை வைத்து ஆழம் பார்க்கவேணும். கண்ணாடி கழுவும் தண்ணீருக்கு உறையாத மருந்து ஊற்றவேணும். பற்றரியைப் பற்றி ஏனோ ஒன்றும் சொல்லவில்லை. கார் வழியில் நின்றால் மெக்கானிக்கை அனுப்பும் வீதியுதவிக் காப்புறுதி எடுப்பதைப் பற்றியும் ஒரு தத்துவம் வைத்திருந்தார்: "கார் பழுதாகிறது றோட்டில. வாசல்ல பழுதானால் நீங்கள் வீட்டிலதானே நிக்கிறியள்? அதுக்கேன் தனிக் காப்பு?" கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பலர் வாசலுக்கான காப்பு இல்லாமல் அப்படியே எடுத்தார்கள்.

"அக்கா," என்றார் கலாவதி, "காரைக் களவெடுக்கிறவன் முதல்ல என்ன செய்வான்?"

"ஸ்ரார்ட் பண்ணுவான்."

"பிறகு?"

"ஓடுவான்."

"இந்தக் கண்ணாடியாலயோ? ஒண்டும் தெரியாது. கண்ணாடியை இறக்கி, தலையை வெளிய நீட்டித்தான் வந்திருக்கிறார். இந்தக் குளிருக்க கண்ணாடியைத் திரும்ப ஏத்தவுமில்லை. ஏன்? ஏறேல்ல. இருந்த கொஞ்சப் பற்றரியும் இறக்கினதோட செத்துப்போச்சு. இந்தக் கார் ஸ்ரார்ட்டே ஆகேல்ல அக்கா. பள்ளத்தில உருட்டிக்கொண்டு வந்திருக்கு."

"ஸ்ரார்ட் ஆகாத காரை ஆர் களவெடுப்பான்?"

"அதுதான் கேள்வி. உருட்டினால் படலையடியில நிண்டிருக்கும். கள்ளன் எண்டால் அதிலயே விட்டிட்டு ஓடியிருப்பான். இவர் இறங்கி, ஒரு கையால ஸ்ரியறிங்கைப் பிடிச்சு, மற்றக் கையால கதவுச் சட்டத்தில தள்ளிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். சமதரையில. தனிய. ஏன்?"

குகதாசனின் போன் அடித்தது. வெட்டினார். "ஸ்காம்."

கலாவதி தன் போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். வீட்டிலிருந்து கார் வரை, கால் மைலுக்குக் கொஞ்சம் கூட.

"வாசல்ல பழுதானால் வராத காப்பு, வீட்டிலயிருந்து கால் மைல் தாண்டினால்தான் வரும். அந்த எல்லையைத் தாண்டுறதால லாபம் உள்ளவர் ஒராள்தான். அந்தக் காப்பை எடுத்தவர். ஹீற்றருக்கு மேல காயுற பின்னல் கையுறையும் அவரின்ரதான். அத்தான், உங்கட காரை நீங்கள்தான் எடுத்தனீங்கள்."

போன் மறுபடி அடித்தது.

"எடுங்கோ அத்தான். மெக்கானிக் வழி கேக்கிறார் போல."

குகதாசன் எடுத்தார். வழி சொன்னார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"மெக்கானிக் ஆக்கள் வர ஒரு மணித்தியாலம் எண்டினம். தேத்தண்ணி குடிப்பம் எண்டு வந்தனான். வந்தால் இவ பொலிசோட கதைக்கிறா. கோயில்ல அவ்வளவு பேருக்கும் நான்தான் சொன்னனான்..."

"காரைத் தள்ளினது விசர் வேலை. அதுக்கு ஆரும் உங்களைப் பிடிச்சு மறியல்ல போடமாட்டினம்," என்றார் கலாவதி. "ஆனா நான் படியில நிண்டு பாத்தனான். பெடியன் உங்களைப் பாத்துக் கேக்கேக்க, நீங்கள் ஹீற்றரைத் திருகினீங்கள்."

பாலாம்பிகையின் கையில் இருந்த போன் ஒளிர்ந்தது. பொலிஸ். பாலாம்பிகை அதைக் கணவரிடம் நீட்டினார்.

குகதாசன் ஆங்கிலத்தில் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். களவு இல்லை, தானே எடுத்தது என்றார். ஏன் என்று கேட்டார்கள் போல. அதையும் சொன்னார். மறுமுனை காரணத்தை இன்னொரு தரம் சொல்லச் சொன்னது.

மெக்கானிக்கின் மஞ்சள் வான் வண்டி வந்தது. பற்றரியில் வயரைக் கொழுவியதும் கார் உறுமியது. கண்ணாடியைச் சுரண்டிவிட்டு, குகதாசன் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"தம்பி, ஏறும். குளிருது. வீட்டை விடுறன்."

"பரவாயில்லை அங்கிள். நான் நடந்து போறன்."

அவன் மேட்டில் ஏறத் தொடங்கினான். திறந்த கதவுக்கும் அவன் முதுகுக்கும் நடுவே பாலாம்பிகை சிறிது நேரம் நின்றார்.

"இஞ்ச, நீராவது ஏறுமன்," என்றார் குகதாசன் மனைவியிடம்.

"நீங்கள் பேசாமல் நிண்டனீங்கள். பேசினது நான்தானே."

கதவைச் சாத்திவிட்டு, பாலாம்பிகை வீட்டுச் செருப்போடு அவன் பின்னால் நடந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நடைபாதை கண்ணாடி போல் வழுக்கியது. ஒரு தரம் கால் சறுக்கி, வேலியைப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு ஜெரோசன் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. கிட்ட வந்ததும் முழங்கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினான்.

"பிடியுங்கோ அன்ரி. விழுந்து கிடந்தால் அதுக்கும் நான்தான் எண்டுவியள்."