பூஞ்சைக்கொல்லி வாங்க வந்தவள்

மழை கொட்டிக்கொண்டிருந்தது... பூச்சிமருந்துக் கடைக்குள் அவள் நடந்து வரவில்லை. வழுக்கி விழுந்துதான் வந்து சேர்ந்தாள். விழுந்தும் கையிலிருந்த பையை மட்டும் தரையில் படவிடாமல் மார்போடு அணைத்திருந்தாள்.

கல்லாவில் இருந்த இளைஞன் பதறி எழுந்தான். "அடி பட்டுடுச்சாங்க?"

"மண்ணுக்கு ஒண்ணும் ஆகல," என்றாள் பைக்குள் எட்டிப் பார்த்தபடி.

நிமிர்ந்தபோதுதான் அவன் கண்களைக் கண்டாள். ஈரக் கருமையில் மழை மேகம் போல... ‘ச்சே, வந்த வேலையைப் பார்’ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"பூஞ்சையைக் கொல்ற மருந்து வேணும்."

"இலையில புள்ளி விழுந்திருக்கா?"

"செடி நல்லாத்தான் இருக்கு. பூஞ்சையும் நல்ல பூஞ்சை. வேருக்குள்ள குடியிருந்து மண்ணுல இருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து குடுக்கும். செடி பதிலுக்குச் சர்க்கரை குடுக்கும்."

"நல்லா வாழுற குடும்பத்தை எதுக்குங்க கெடுக்கணும்?"

"அது இல்லாட்டி செடி என்ன பாடு படுதுன்னு பார்க்கத்தான்," என்று மூக்கை உறிஞ்சினாள்.

அவன் அவள் கண்களையே பார்த்தான். உள்ளே போனவன் வெகுநேரம் கழித்து ஒரு பொட்டலத்தோடு வந்தான்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"மருந்துக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"சும்மாதான்... மழை விட்டதும் போங்க. எல்லாம் சரியாயிடும்."

‘வியாபாரத்தில் இவ்வளவு பாசமா?’ என்று நினைத்துக்கொண்டே போனாள்.

பல்கலைக்கழகத்தின் மண் நுண்ணுயிரியல் துறையில் எட்டு வருடமாகத் தற்காலிக ஆராய்ச்சியாளராகக் காலம் தள்ளுகிறவள் அவள். நிரந்தரப் பதவிக்கான தேர்வுக் குழு கூடப்போகிறது. அறுபது தொட்டிகள், முப்பதில் பூஞ்சை வாழவேண்டும், முப்பதில் சாகவேண்டும். மூன்று மாதம் மருந்து ஊற்றினாள். அறுபதும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஒரே உயரம் வளர்ந்து நின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், எல்லா வேரிலும் பூஞ்சை சுகமாகக் கால்நீட்டிப் படுத்திருந்தது.

நேரே கடைக்குப் போனாள். வாடிக்கையாளர்கள் பார்க்க, "போலி மருந்தா விக்கிறீங்க? நாளைக்குப் பல்கலைக்கழகத்துல தேர்வுக் குழு, நான் என்னத்தைக் காட்டுவேன்?" என்றாள்.

அவன் தலை குனிந்தான். "போலி இல்லைங்க. அது மருந்தே இல்ல."

"பின்ன?"

"மைதா. நோட்டீஸ் ஒட்ட வெச்சிருந்தேன்."

‘கரைசல் அடியில் படிகிறது’ என்று நோட்டில் மணிமணியாக எழுதிவைத்தது அவளுக்கு நினைவு வந்தது.

"கண்ணு சிவந்து வந்தீங்க. நல்லா வாழுறதைக் கொல்லணும்னு வேற சொன்னீங்க. அழுத கண்ணோட வந்தா சரக்குக் குடுக்காதேன்னு எங்கப்பா சொல்லுவார்..."

"அழல. அது மண்ணு சலிச்ச தூசி."

"இப்பத்தாங்க தெரியுது. மூணு மாசமா பேப்பரைப் பிரிக்கவே பயந்துகிட்டிருந்தேன், உங்க போட்டோ வந்திருமோன்னு."

அவள் விறுவிறுவென்று கடையை விட்டு இறங்கினாள். கோபம் தெருமுனை வரைகூட வரவில்லை. எட்டு வருடத்தில் அவள் மண்ணைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். கண்ணைப் பார்த்தது இவன் ஒருவன்... அதற்காக மன்னித்துவிட முடியுமா? வீம்பு விடவில்லை.

தேர்வுக் குழுவின் முன் பொய் சொல்ல நா எழவில்லை. மைதாவை மறைக்காமல் சொன்னாள். ஐந்து பேராசிரியர்களும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துறைத்தலைவி கண்ணாடியைத் துடைத்தபடி, "உண்மையைச் சொன்னதால ஒரு வாய்ப்பு. மூணு மாசத்துல திரும்பச் செஞ்சு காட்டும்மா," என்றார்.

வெளியே வந்தால், கஞ்சி போட்ட சட்டையில் கடைக்காரன் நின்றிருந்தான்.

"இங்க என்ன பண்றீங்க?"

"சாட்சி சொல்ல வந்தேன். தப்பு என்னோடதுதானே."

இறுக்கிப் பிடித்திருந்த உதட்டில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "வேர் கழுவத் தெரியுமா?"

"கத்துக்கறேங்க."

கற்றுக்கொள்ளவில்லை. மாலைதோறும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தான். கழுவியதில் பாதி வேரை அறுத்தான். ‘மருந்து விக்கிறவன் பூஞ்சைக்குப் பணிவிடை பண்றானாம்’ என்று அவன் அப்பா போனில் திட்டுவது ஆய்வகம் முழுக்கக் கேட்டது. நீலச் சாயம் ஏறிய பூஞ்சை இழைகளை நுண்ணோக்கியில் பார்த்த அன்று மட்டும் அவன் அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "இத்தனை வருஷம் என்னத்தைக் கொல்லச் சொல்லி வித்தேன்னு பார்த்ததே இல்லைங்க," என்றான் பிறகு.

இந்தமுறை முப்பது செடிகள் ஓங்கி வளர்ந்தன. அசல் மருந்து ஊற்றிய முப்பதும் முட்டிக்குமேல் எழவில்லை. அவளுக்குப் பதவி உத்தரவும் வந்தது. எல்லோரும் கைகுலுக்கிப் போனபின், அவன் மட்டும் தொட்டிகளின் நடுவே விழித்துக்கொண்டு நின்றான்.

"அப்ப... வேலை முடிஞ்சுதுங்களா? நாளையிலேர்ந்து வரவேண்டாமா?"

"ஒரு தடவை வந்த முடிவை நம்பக்கூடாது. இன்னும் ரெண்டு தடவை செஞ்சு பார்க்கணும்."

"அதுக்கப்புறம்?"

அவள் கையுறையைக் கழற்றினாள்.

"நான் பூஞ்சைக்காக வரலைங்க," என்றான் அவன் மெதுவாக.

"தெரியும். நீங்க வேர் கழுவுற லட்சணத்துக்கு எப்பவோ துரத்தியிருக்கணும்."

"ஏன் துரத்தல?"

"வாசல்ல உங்க செருப்பு இல்லாத சாயங்காலம் எனக்கு வேலை ஓடல," என்றாள். "பிடிச்சிருக்கு. போதுமா? உங்கப்பாகிட்ட நானே வந்து பேசறேன்."

அவன் தொட்டி விளிம்பிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.