வெள்ளையாக விட்ட பாதி

ரூஷா வந்தபோது டெசங்கா குளியலறை ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தாள். வெளியே ஸாயெச்சார் நகரத்து மார்ச் மாத வெயில் சூடில்லாமல் கிடந்தது. தொட்டியின் மேல் போட்ட பலகையில் மூன்று தட்டுகள். ஒன்றில் வெளுப்புக் கரைசல், ஒன்றில் தண்ணீர், கடைசியில் படத்தைப் பழுப்பாக்கும் கரைசல்.

"முட்டை அழுகின நாத்தம் அண்ணி! எப்படித்தான் இதுல நிக்கிறீங்களோ?" நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல."

உண்மைதான். கணவர் வெலிமிர் இறந்ததிலிருந்து அவளுக்கு எதுவும் தெரிவதில்லை. காபி சுடுவதுகூட.

"கல்லறைக் கல் செதுக்குறவர் காத்திருக்கார். ரெண்டு பேரும் இருக்கிற படம்தானே?"

"அவர் மட்டும்."

"நல்லா இருக்கே! ஒரே கல்லு. உங்க பேரு, பிறந்த வருஷம், பக்கத்துல ஒரு கோடு. மத்தத அப்புறம் செதுக்கிப்பாங்க. எங்கம்மா உயிரோட இருந்தவரைக்கும் ஞாயித்துக்கிழமைதோறும் போய் அப்பா கல்லுல இருக்கிற தன் படத்தைத் தானே துடைச்சிட்டு வருவாங்க. 'இதுல குண்டா தெரியறேன்டி'ன்னு குறை வேற!"

டெசங்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்க் கல்லறைகளில் பாதிப் படங்கள் அவள் பழுப்பாக்கிக் கொடுத்தவை. உயிரோடிருக்கும் மனைவிகளின் முகங்களும் அவற்றில் உண்டு. அதெல்லாம் அவளுக்குப் பழக்கம். மருத்துவமனையில் வெலிமிர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான் பழகவில்லை.

"நீயும் வந்துடு டெசா. அங்க தனியா இருக்க என்னால முடியாது."

அவள் அன்று பதில் சொல்லவில்லை. கல்லில் தன் முகம் ஏறினால் அதுவே பதிலாகிவிடும்.

ரூஷா காபி போடச் சமையலறைக்குப் போனாள். டெசங்கா காலையில் அச்சிட்ட தாளை எடுத்தாள். பூங்கா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்த நெகட்டிவ். தன் பாதியை மட்டும் அட்டையால் மறைத்து அச்சிட்டிருந்தாள். கறுப்பு வெள்ளையில் வெலிமிர். பக்கத்தில் வெறும் வெள்ளை.

வெளுப்பில் போட்டதும் அவர் கரைந்தார். தாளைக் கழுவி, பழுப்புக் கரைசலில் அமிழ்த்தினாள். கோட்டு திரும்பி வந்தது. மீசை வந்தது. கண்கள் வந்தன.

பிறகு, வெள்ளைப் பாதி மெல்ல அழுக்கானது.

ஒரு கழுத்துத் துணி.

ஒரு முகவாய்.

அவள் முகம்.

டெசங்கா கத்தரியை எடுத்து நெகட்டிவை இரண்டாக வெட்டினாள். தன் பாதியைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். இருட்டறைக்குப் போய் அவருடைய பாதியை மட்டும் தாள் முழுக்கப் பெரிதாக்கி அச்சிட்டாள். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். வெலிமிர் மட்டும். பக்கத்தில் இன்னொருவருக்கு இடமே இல்லை.

வெளுத்தாள். கழுவினாள். பழுப்பில் போட்டாள்.

அவர் வரவில்லை.

அவள் வந்தாள். தாள் முழுக்க அவள் மட்டும், யாரோ கூப்பிட்டதுபோல் இடப்பக்கம் திரும்பிக்கொண்டு.

"அண்ணி..." வாசலில் ரூஷா. குரல் தாழ்ந்திருந்தது. "யாரோட பேசறீங்க?"

"நான் பேசலையே."

"ஆம்பளக் குரல் கேட்டுச்சு." அவள் தட்டை எட்டிப் பார்த்தாள். "இதுல நீங்க மட்டும்தானே இருக்கீங்க. அண்ணன் எங்க?"

டெசங்காவின் இடத் தோளில் ஏதோ கனத்தது. ஈரமாக, சில்லென்று. இத்தனை நாளில் அவள் உடம்புக்குத் தெரிந்த முதல் விஷயம் அது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டிவிடவும் தோன்றவில்லை.

"இங்கதான் இருக்கார்," என்றாள். "கல்லுல ரெண்டு பேர்னே சொல்லிடு."

ரூஷாவின் பார்வை அண்ணியின் வெள்ளைச் சட்டைத் தோளிலேயே நின்றுவிட்டது. அங்கே ஒரு பழுப்புக் கறை, தட்டில் படம் தெளிவதுபோல, மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் உள்ளங்கை.

பிறகு, ஒவ்வொன்றாக, விரல்கள்.